நுகத்தடியும் நீராவியும்

சித்திரை மாதத்துப் பகலில், தமிழ்நாட்டு வீட்டுத் திண்ணையிலோ கூடத்திலோ மல்லாந்து படுத்தவன் கண்ணைத் திறந்தால் முதலில் தென்படுவது மின்சார விசிறி. அது ஓடும்போது இறக்கைதான் தெரியும். மின்சாரம் நின்று, விசிறியும் சோர்ந்து நிற்கும்போதுதான் அதன் நடுவில் எழுதியிருக்கும் பெயரைப் படிக்க நமக்கு அவகாசம் கிடைக்கிறது. அப்படிப் படித்துப் படித்துப் பழகிப்போன பெயர்களில் ஒன்று கிராம்ப்டன்.

அது ஒரு மனிதருடைய பெயர் என்பதைப் பலர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ரூக்ஸ் ஈவ்லின் பெல் கிராம்ப்டன் என்பது முழுப் பெயர். இங்கிலாந்தில் யார்க்ஷயர் பிரதேசத்தில் 1845ல் பிறந்து, தொண்ணூற்று நான்கு வயது வாழ்ந்து, 1940 பிப்ரவரியில் மறைந்தவர். விசிறிக்கும் விளக்குக்கும் வருவதற்கு வெகு காலம் முன்பே, தம்முடைய இருபதுகளில், இவர் இந்திய நெடுஞ்சாலையில் ஒரு காரியம் செய்து பார்த்தார். மாட்டுவண்டி இழுத்த பாரத்தை நீராவி வண்டியால் இழுக்க முயன்றார். மோட்டார் என்ற சொல்லே சாலைக்கு வராத காலம் அது.

அவருடைய கதையைத் தூத்துக்குடியின் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கிராம்ப்டன் தம் வண்டியை ஓட்டியது வடக்கே பஞ்சாபில். தூத்துக்குடியோ தெற்குக் கோடி. ஆனாலும் அவருக்குப் பஞ்சாபில் எழுந்த கேள்வியும் நம்முடைய கரிசல் சாலையில் எழுந்த கேள்வியும் ஒன்றேதான். பாரத்தை யார் கழுத்தில் வைப்பது என்பது அந்தக் கேள்வி.

கிராம்ப்டனுக்கு யந்திரப் பைத்தியம் சிறு வயதிலேயே பிடித்துவிட்டது. 1851ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்கு ஆறு வயதுச் சிறுவனாகப் போனவர், அங்கே யந்திரங்கள் இருந்த கூடத்தைக் கண்டு மயங்கினார். ஹாரோ பள்ளியில் படித்த நாட்களில், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் பட்டறையில்தான் வாசம். அங்கே சாலையில் ஓடக்கூடிய ஒரு நீராவி வண்டியைத் தாமே கட்டினார். அதற்கு 'புளூபெல்' என்று ஒரு பூவின் பெயரையும் வைத்தார். நம் ஊரில் பையன்கள் பனங்காயில் வண்டி செய்து உருட்டும் பருவத்தில், அந்தப் பையன் கொதிகலனோடு வண்டி செய்திருக்கிறான்.

ஆனால் அந்த நாட்டுச் சட்டம் அப்படிப்பட்ட பையன்களுக்கு அனுகூலமாக இல்லை. 1865ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. சாலையில் போகும் யந்திர வண்டி கிராமப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கு மேலும், ஊருக்குள் 2 மைலுக்கு மேலும் போகக்கூடாது. அதற்கு 60 கஜம் முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். இரண்டு மைல் வேகத்தில் போவதற்கு யந்திரம் எதற்கு, கொடிக்காரனே இழுத்துக்கொண்டு போய்விடுவானே என்று நமக்குச் சிரிப்பு வருகிறது. குதிரை வண்டிக்காரர்களும் ரெயில் கம்பெனிக்காரர்களும் சேர்ந்து கட்டிய வேலி அது. அந்த வேலி தளர 1896 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கிராம்ப்டன் 1864ல் ரைபிள் பிரிகேடு என்ற படையில் அதிகாரியாகச் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். வந்த இடத்தில் அவர் கண்ணை உறுத்தியது துப்பாக்கி அல்ல, 'புல்லக் டிரெயின்' என்று வெள்ளைக்காரர்கள் அழைத்த சர்க்கார் மாட்டுவண்டித் தொடர். ராணுவத்துக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் அந்த வண்டிகளில், மாட்டின் நடையில், மாதக்கணக்காக ஊர்ந்தன. புளூபெல்லைச் செய்த கைக்கு அந்தக் காட்சி பொறுக்கவில்லை. தம்முடைய யோசனையை மேலிடத்துக்கு எழுதினார். அப்போது ராஜப் பிரதிநிதியாக இருந்த மேயோ பிரபு அதைக் காது கொடுத்துக் கேட்டார். அடிமட்டத்து இளம் அதிகாரி ஒருவருக்கு இப்படி ஒரு கதவு திறந்தது பெரிய அதிர்ஷ்டந்தான். 'சர்க்கார் நீராவித் தொடர்' என்று ஒரு தனிப் பிரிவு உண்டாயிற்று. அதன் மேற்பார்வை கிராம்ப்டன் கைக்கு வந்தது.

வண்டிக்கு அவர் நம்பியது ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்ஸனை. காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்துக்கு 1845லேயே உரிமைப் பத்திரம் வாங்கி, உலகம் அதைக் கவனிக்காததால் கைவிட்டவர் இந்தத் தாம்ஸன். பிறகு 1867ல் கெட்டி ரப்பர்ப் பட்டையைச் சக்கரத்தில் மாட்டி ஒரு சாலை நீராவி வண்டி செய்தார். இரும்புச் சக்கரம் சாலையை உழுதுவிடும். சாலையின் அதிர்ச்சி யந்திரத்தை உலுக்கிவிடும். நடுவில் ரப்பர் வந்தால் சாலையும் பிழைக்கும், யந்திரமும் பிழைக்கும். கேட்பதற்கு எளிய விஷயம். இன்று உலகத்தில் ஓடும் அத்தனை மோட்டார்களும் அந்த எளிய விஷயத்தின் மேல்தான் ஓடுகின்றன.

இப்ஸ்விச் நகரத்துத் தொழிற்சாலையில் இந்தியாவுக்கென்று வண்டிகள் தயாராயின. பஞ்சாப் நதிகளின் பெயரையே அவற்றுக்கு வைத்தார்கள். முதல் வண்டி 'செனாப்'. அதன் கொதிகலன் சரிப்பட்டு வரவில்லை. வேறு மாதிரியான கொதிகலனோடு 'ராவி' பிறந்தது. 1871ல் கிராம்ப்டன் அந்த ராவியை இப்ஸ்விச்சிலிருந்து எடின்பரோ வரை ஓட்டிச் சென்று, திரும்பவும் ஓட்டி வந்தார். நல்ல சாலை கிடைத்த இடங்களில் அது மணிக்கு 20 மைலுக்கும் மேல் போயிற்று. சிவப்புக் கொடிக்காரன் அப்போது எங்கே ஓடினானோ!

இந்தியாவில் ராவல்பிண்டிக்கும் ஜீலத்துக்கும் இடையே நெடுஞ்சாலையில் இந்த வண்டிகள் பாரம் இழுத்தன. நிலக்கரி அகப்படாத பிரதேசம் ஆதலால் விறகை எரித்து நீராவி உண்டாக்க வேண்டியிருந்தது. விறகு எரிந்தால் பொறி பறக்கும். வழியெல்லாம் தண்ணீர் வேண்டும். ரப்பர்ப் பட்டை தேய்ந்தால் சீமையிலிருந்து வர வேண்டும். இத்தனையும் தாண்டி வண்டி ஓடியது என்பதுதான் கிராம்ப்டனின் சாமர்த்தியம்.

அதே நாட்களில் தூத்துக்குடிச் சாலை எப்படி இருந்தது?

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரால் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு கிடைக்காமல் போயிற்று. திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்குத் திடீரென்று யோகம் அடித்தது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசல் காட்டிலிருந்து பருத்தி முழுவதும் தூத்துக்குடிக்குப் போக வேண்டும். போனது மாட்டுவண்டியில். கரிசலைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்து மாட்டின் குளம்பைக் கவ்வும். நனைந்தால் சேறு சக்கரத்தின் குடம் வரையில் ஏறும். வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டா ஒரு தடம் போட்டால், அடுத்த வண்டி அதே தடத்தில் இறங்கும். பத்தாவது வண்டிக்கு அது வாய்க்கால் ஆகிவிடும். மாடு முழங்காலிட்டு விழ, வண்டிக்காரன் சக்கரத்தின் ஆரக்காலைத் தோளில் தாங்கி எம்பித் தள்ளுவான். நுகத்தடியின் தழும்பு மாட்டின் கழுத்தில் மட்டும் இருந்ததாக நினைக்க வேண்டாம். வண்டிக்காரனின் தோளிலும் இருந்தது.

கரைக்கு வந்த பிறகும் யந்திரம் எட்டத்தில்தான் நின்றது. தூத்துக்குடிக் கடல் ஆழமில்லாதது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கும். மூட்டைகளைத் தோணியில் ஏற்றிப் பாய் விரித்துக் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்ற வேண்டும். ஓடாவி செதுக்கிய தோணியும் தண்டலின் கண் பார்த்த காற்றுமே துறைமுகம்.

முத்துக்குளிப்பும் அப்படித்தான். மூழ்குபவனுக்குத் தலைக்கவசமும் காற்றுக் குழாயும் 1830களிலேயே இங்கிலாந்தில் உருவாகிவிட்டன. நம் கரையிலோ, காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூக்கை அடைத்துக்கொண்டு, மேலே கயிறு பிடிக்கிறவனை நம்பி மனிதன் வெறும் உடம்போடு இறங்கினான். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. ஒரு பங்கு குளித்தவனுக்கு. 1961ல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த வரைக்கும் அந்த வெறும் மூச்சுதான் பெரும்பாலும் அதன் மூலதனம்.

யந்திரம் அறியாததனால் இப்படி நடந்தது என்று சொல்ல முடியாது. மாடும் மனிதனும் மலிவாகக் கிடைக்கிற ஊருக்கு யந்திரம் மெதுவாகத்தான் வரும் என்பதே என் அபிப்பிராயம். கொதிகலனுக்குத் தண்ணீரும் விறகும் விலை கொடுத்து வாங்க வேண்டும். வண்டிக்காரனின் தோளுக்கு யார் விலை போட்டார்கள்?

கிராம்ப்டனின் சாலை வண்டியை முடித்து வைத்தது ரெயில். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கிராம்ப்டனைத் தூக்கிவிட்ட மேயோ பிரபுவின் ஆட்சிதான், செலவு குறைவாக ரெயில் போட வேண்டும் என்று மீட்டர் கேஜ் என்னும் குறுகிய பாதையை இந்தியாவுக்கு நிச்சயித்தது. ஒரே கையால் இரண்டு குழந்தைகளை வளர்த்தார். ஒன்று மற்றொன்றை விழுங்கிவிட்டது. இரும்பின் மேல் இரும்பு உருளும்போது ஆகும் சிரமம், சாலையின் மேல் ரப்பர் உருள்வதில் பல மடங்காகிறது. நீண்ட தூரத்துக்குக் கனத்த பாரம் என்றால் சாலை நீராவி வண்டி ரெயிலோடு போட்டி போட முடியாது. மேயோ 1872 பிப்ரவரியில் அந்தமானில் ஒரு கைதியின் கத்திக்கு இரையானார். கிராம்ப்டனுக்கு ஆதரவாக இருந்த தூண் சாய்ந்தது. சில ஆண்டுகளில் அவர் ஊர் திரும்பி, 1876ல் ராணுவ உத்தியோகத்தையும் விட்டார்.

மேயோவின் அந்த மீட்டர் கேஜ் பாதை தூத்துக்குடிக்கும் வந்து சேர்ந்தது. 1875 டிசம்பரில், பிற்காலத்தில் ஏழாம் எட்வர்டு மன்னராக ஆன வேல்ஸ் இளவரசர் இலங்கையிலிருந்து வந்து தூத்துக்குடியில் இறங்கி, புதுப் பாதையில் ரெயிலேறி மதுரைப் பக்கம் போனார். அடுத்த ஆண்டிலிருந்து தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. இளவரசர் இறங்கிய கரையில், பசித்த குடும்பங்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகக் கப்பல் ஏறின. பருத்தியைக் கொண்டுவந்த ரெயில் மனிதர்களையும் கொண்டுவந்தது. யந்திரம் வந்துவிட்டது என்பதற்காகச் சுமை இறங்கிவிடவில்லை. இடம் மாறியது, அவ்வளவுதான்.

ஊர் திரும்பிய கிராம்ப்டன் சும்மா இருக்கப் பிறந்தவர் அல்ல. 1878ல் செம்ஸ்போர்டு என்ற ஊரில் மின்சார விளக்குத் தொழிலைத் தொடங்கினார். வியன்னா நகரத்து நாடக அரங்கத்துக்கு விளக்குப் போட்டார். 1899ல் கல்கத்தாவில் மின்சார விநியோகம் தொடங்கியதன் பின்னாலும் அவருடைய யோசனை இருந்தது. தென்னாப்பிரிக்கப் போருக்குப் போனார். 1897ல் மோட்டார்க்காரர்களின் சங்கம் லண்டனில் ஏற்பட்டபோது அதன் ஆரம்ப அங்கத்தினர்களில் ஒருவர் ஆனார். முதல் உலக யுத்தத்தில் டாங்கி என்னும் போர் வண்டியை உருவாக்கும் முயற்சியில், எழுபது வயதில், வரைபடம் போட்டார்; அவருடைய மாதிரியை ராணுவம் ஏற்கவில்லை. மின்சாரத்துக்கு உலகமெல்லாம் ஒரே அளவை வேண்டும் என்று 1906ல் சர்வதேசக் குழு ஏற்படக் காரணமானவர்களில் அவர் முக்கியமானவர். இந்தக் கடைசிக் காரியமே அவருடைய பெரிய காரியம் என்று அறிந்தவர்கள் சொல்லுவார்கள். அவருடைய நிறுவனம் பின்னால் வேறொன்றுடன் சேர்ந்து கிராம்ப்டன் பார்க்கின்ஸன் ஆகி, 1937ல் பம்பாயில் தொழிற்சாலை வைத்தது. அந்த வழியாகத்தான் பெயர் நம் கூடத்துக்கு வந்தது.

மேயோ மாண்டாரே, அதே 1872ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், தூத்துக்குடிக்கு அருகே ஒட்டப்பிடாரத்தில் ஒரு குழந்தை பிறந்தது. வ. உ. சிதம்பரம் பிள்ளை.

அவரும் நீராவியில் மனம் வைத்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல்கள் வைத்ததே கட்டணமாக இருந்தது. 1906ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. பத்து லட்ச ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் போன்ற பெருந்தனக்காரர்களும் போட்டார்கள்; கடைக்காரர்களும் போட்டார்கள். 'காலியா', 'லாவோ' என்று இரண்டு நீராவிக் கப்பல்கள் வந்து நின்றபோது தூத்துக்குடிக் கரை திருவிழாக் கண்டது. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது; கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு போகவும் துணிந்தது.

இங்கேதான் இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கத் தோன்றுகிறது. ஓர் இளம் வெள்ளைக்கார அதிகாரி மாட்டுவண்டிக்குப் பதில் நீராவி வண்டி ஓட்டுகிறேன் என்றபோது, அரசாங்கம் தன் பணப்பையை அவிழ்த்துக் கொடுத்தது. அதே அரசாங்கத்தின் கீழ், ஒரு தமிழ் வக்கீல் ஜனங்களின் பணத்தில் நீராவிக் கப்பல் ஓட்டியபோது, அவருக்குக் கிடைத்தது வேறு. 1908 மார்ச்சில் கைது. ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. மேல் முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி கலைந்துபோயிருந்தது. மேயோவின் காது கிராம்ப்டனுக்கு இருந்தது. வ. உ. சி.க்கு எந்தப் பிரபுவின் காதும் இல்லை.

கோயம்புத்தூர்ச் சிறையில் அவரைச் செக்கில் பூட்டினார்கள். மாடு இழுக்க வேண்டிய செக்கை, கொளுத்தும் வெயிலில், கப்பல் ஓட்டிய மனிதர் இழுத்தார். நுகத்தடியைக் கழற்ற நீராவியைக் கொண்டுவந்தவருடைய தோளிலேயே நுகத்தடியை ஏற்றினார்கள். இதைவிடக் குறிப்பறிந்து ஒரு தண்டனையை எந்த நாவலாசிரியனும் கற்பனை செய்திருக்க முடியாது.

இனி ரப்பரின் கதை. கிராம்ப்டனின் காலத்தில் ரப்பர் பிரேசில் காட்டு மரங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1876ல் அதன் விதை லண்டன் வழியாக இலங்கைக்கு நாற்றாக வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அந்த மரங்களில் விடியற்காலையில் கீறல் போட்டுப் பால் எடுத்த கைகளில், இந்தக் கரையிலிருந்து கப்பல் ஏறிப் போன தமிழ்க் கைகள் எத்தனையோ.

காற்றடைத்த சக்கரத்தைத் தாம்ஸன் மறந்து, உலகமும் மறந்த பிறகு, 1888ல் பெல்பாஸ்டு நகரத்தில் டன்லப் என்பவர் அதை மறுபடியும் கண்டுபிடித்தார். அவர் தொழிலில் கால்நடை வைத்தியர்! அந்த மாட்டு வைத்தியருடைய பெயர் தாங்கிய டயர் 1930களிலிருந்து நம் நாட்டு மாட்டுவண்டிக்கு வந்தது. கட்டை வண்டி போய் டயர் வண்டி வந்தது. அதே இரண்டு மாடுகள் முன்பு இழுத்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு பாரத்தை இழுத்தன. சாலை தடம் விழாமல் தப்பியது. சாலையும் பிழைக்கும், வண்டியும் பிழைக்கும் என்று தாம்ஸனும் கிராம்ப்டனும் சொன்ன வாக்கு, அறுபது ஆண்டுகள் கழித்துப் பலித்தது. ஆனால் கொதிகலன் இருக்க வேண்டிய இடத்தில் மாடே நின்றது. ரப்பர் மாட்டின் பாரத்தை லேசாக்கியது. லேசான உடனே மனிதன் செய்தது என்ன? இன்னும் நான்கு மூட்டை ஏற்றினான்.

தோணிக்கு யந்திரம் வந்ததும் இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான். தூத்துக்குடியில் ஆழ்கடல் துறைமுகம் 1974ல் திறந்தது. இன்று அதற்கு வ. உ. சிதம்பரனார் பெயர். 1979ல் அனல் மின்நிலையத்தின் முதல் பகுதி ஓடத் தொடங்கியது. கப்பலில் நிலக்கரி வந்து, கடலோரத்தில் எரிந்து, நீர் கொதித்து, நீராவி சுழற்றி, அதில் பிறந்த மின்சாரம் ஊருக்கெல்லாம் போயிற்று. கிராம்ப்டனுடைய வாழ்க்கையின் இரண்டு பாதிகளான நீராவியும் மின்சாரமும் தூத்துக்குடிக் கரையில் ஒரே கட்டடத்துக்குள் சேர்ந்தன. ஆக, அவர் சாலையில் கொண்டுவர முடியாத நீராவி, நம் விசிறியைச் சுழற்ற வந்துவிட்டது.

சரித்திரப் புத்தகங்கள் யந்திரத்தை வேகத்தால் அளக்கின்றன. ராவி 20 மைல் போயிற்று, அதைவிட மோட்டார் அதிகம் போயிற்று என்று கணக்கு நீளும். எனக்கு அந்தக் கணக்கில் ருசி இல்லை. ஒரு யந்திரம் எத்தனை கழுத்துகளிலிருந்து நுகத்தடியை இறக்கியது, அதை எங்கே கொண்டுபோய் வைத்தது என்று பார்ப்பதே சரியான கணக்கு. அந்தக் கணக்கில் கிராம்ப்டன் ஒரு நல்ல மனிதர். மாட்டின் நடையைக் கண்டு பொறுமை இழந்தவர். வ. உ. சி. அதற்கும் மேல், மனிதனின் நடையைக் கண்டு பொறுமை இழந்தவர். முதலாமவர் பெயரை விசிறியில் எழுதிவிட்டோம். இரண்டாமவர் பெயரைத் துறைமுகத்தில் எழுதியிருக்கிறோம். அந்தத் துறைமுகத்தில் வேலை செய்கிறவனுடைய தோள் இன்று எப்படி இருக்கிறது என்று பார்த்தால், அந்த இருவரும் ஓட்டிய நீராவி எவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது என்பது தெரிந்துவிடும்.